சறுக்கியது யார்?

கேள்வி: எலும்பு நீவுகிற ஆஸ்டியோபதி வைத்தியர்களில் பனிச்சறுக்கு வீரர்களும் இருந்தார்களாமே! வைத்தியமும் பனிச்சறுக்கும் ஒரே ஆளுக்குக் கைவருமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் அந்தப் ‘பனிச்சறுக்கு’. எங்கள் பிழைதிருத்துபவரோடு இருபது வருஷமாக நான் மல்லுக்கு நிற்கும் சொல். காலில் நீளப் பட்டைகளைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் இறங்குவதற்கும் இதே சொல். பூட்ஸின் அடியில் கத்தியைப் பூட்டிக்கொண்டு பனிக்கட்டித் தரையில் ஆடுவதற்கும் இதே சொல். ஐயா, அடி சறுக்குவது யானைக்கு. இரண்டாவதன் பெயர் ஃபிகர் ஸ்கேட்டிங். அதில் ‘ஃபிகர்’ என்பது கோலம். எட்டு போடவேண்டும், போட்ட எட்டின் மேலேயே கோடு பிசகாமல் மறுபடியும் போடவேண்டும். நடுவர்கள் குனிந்து, பனிக்கட்டியில் விழுந்த கீறலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். ஒரு காலத்தில் மொத்த மதிப்பெண்ணில் 60 சதவீதம் இதற்குத்தான். 1990-ஓடு உலகப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். எட்டுப் போடும் கலை இப்போது நம் ஓட்டுநர் உரிமத் தேர்வில்தான் உயிரோடு இருக்கிறது. அங்கேயும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

கைவருமா என்கிறீர்கள். டென்லி ஆல்பிரைட்டுக்கு முதலில் கால்வந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்துப் பெண், ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை. 11 வயதில் போலியோ. தேறி மறுபடியும் ஆடப் போனார். 1956-இல் இத்தாலியின் கோர்ட்டினாவில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம்கூட இல்லை. பயிற்சியில் இடது கத்தி ஒரு பள்ளத்தில் மாட்ட, விழுந்தார். அதே கத்தி வலது பூட்ஸைக் கிழித்துக் கணுக்காலில் இறங்கி, ரத்தக்குழாயை அறுத்து எலும்பைச் சுரண்டிவிட்டது. (எலும்பு வந்துவிட்டது, பார்த்தீர்களா? நான் கேள்வியை விட்டு விலகவில்லை.) அறுவை மருத்துவரான அப்பா வந்து காயத்தைக் கவனித்தார். போட்டியில் 11 நடுவர்களில் 10 பேர் முதலிடம் தர, தங்கம். 1961-இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம். பிறகு அவரும் அறுவை மருத்துவர்; ஆஸ்டியோபதி அல்ல, அலோபதிதான். காலில் இருந்த கத்தி கைக்கு ஏறியது.

‘எலும்பு நீவுகிற’ என்று ஓர் இடி இடித்திருக்கிறீர்களே, அதற்கும் சொல்லிவிடுகிறேன். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ள மனம் வைத்தது 1945-இல். ஆஸ்டியோபதியைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், மிசூரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில்லில் 1892-இல் பள்ளி திறந்தபோது முதல் வகுப்பிலேயே பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் படிப்பைத்தான் அலோபதிக்காரர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் போலி, போலி என்றார்கள். 1962-இல் கலிஃபோர்னியாவில் என்ன நடந்தது தெரியுமா? ஆஸ்டியோபதி மருத்துவர்கள் ஒரு சிறு வகுப்புக்கு வந்து 65 டாலர் கட்டினால், அலோபதிக்காரர்கள் போட்டுக்கொள்ளும் அதே எம்.டி. பட்டம்! நேற்றுவரை போலி, இன்றுமுதல் டாக்டர். இடையில் எந்த எலும்பு இடம் மாறியது என்று அவர்களும் சொல்லவில்லை.

எங்கள் பிழைதிருத்துபவர் இந்தப் பக்கத்திலும் ‘பனிச்சறுக்கு’ என்றே திருத்திவைத்திருந்தார். மாற்றிவிட்டேன்.