ஹைட்ரஜன் டேங்க் வால்வு: 700 பாரைச் சின்ன காயிலால் திறப்பது எப்படி? (கேள்வி பதில்)

ஹைட்ரஜன் வண்டிகளில் வாயு டேங்குக்குள் 700 பார் அழுத்தத்தில் இருக்கும். அந்த டேங்கின் கழுத்திலேயே உட்காரும் சோலனாய்டு வால்வு பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இவை. காயிலில் மின்சாரம் விட்டால் அது காந்தமாகி, பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டை இழுத்து, துளையை அடைத்திருக்கும் மூடியைத் தூக்கும்; இதுதான் சோலனாய்டு வால்வு. காயில், பிளஞ்சர் வடிவமைப்புதான் என் வேலை. ஃப்யூல் செல்லின் (ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவி) வேதியியலைக் கேட்டால் வேறு ஆளைத்தான் கை காட்டுவேன்.

கேள்வி (மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவர்): சார், தண்ணீர் லைனில் போடும் சோலனாய்டு வால்வையே வலுவான உடம்போடு செய்து, காயிலைப் பெரிதாகச் சுற்றினால் 700 பாருக்குப் போதாதா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம் தம்பி. 700 பார் என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 70 நியூட்டன். 4 மி.மீ. துளையின் பரப்பு 12.6 ச.மி.மீ. வாயு மூடியை சீட்டின் (மூடி உட்காரும் துளை விளிம்பு) மேல் அழுத்தும் விசை சுமார் 880 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 90 கிலோ எடை. எரிவாயு நிரப்பும்போது டேங்க் சூடாகி அழுத்தம் 875 பார் வரை போகலாம்; அப்போது இது 1,100 நியூட்டன்.

இரும்பில் 1.5 டெஸ்லா காந்தப்புலம் கிடைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டர் முகப்பு இழுப்பது 0.9 நியூட்டன்தான். 880 நியூட்டனுக்கு 35 மி.மீ. விட்டமுள்ள முகப்பு வேண்டும். அதைச் சுற்றிக் காயில், அதற்கு வெளியே இரும்பு உறை. டேங்கின் கழுத்துக்குள் இது நுழையவே நுழையாது. காயிலை எவ்வளவு பெரிதாகச் சுற்றினாலும் இரும்பு தாங்கும் காந்தப்புலம் நிறைவடைந்துவிட்டால் அதற்கு மேல் விசை ஏறாது. இந்த வால்வில் காயிலின் அளவைத் தீர்மானிப்பது துளைதான். முதலில் அதைப் பாருங்கள், செம்புக் கம்பியை அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி (அதே மாணவர்): அப்படியானால் துளையையே 1 மி.மீ. ஆக்கிவிட்டால்?

நல்ல கேள்வி. விசை 55 நியூட்டனுக்கு இறங்கிவிடும், சின்ன காயிலே போதும். டேங்க் நிறைந்திருக்கும்போது அந்தத் துளை வழியாகத் தேவைக்கு அதிகமாகவே வாயு போகும். சிக்கல் டேங்க் காலியாகும்போது வருகிறது. 100 கிலோவாட் ஃப்யூல் செல், பாதி செயல்திறனில் ஓடினால், நொடிக்கு 1.7 கிராம் ஹைட்ரஜன் கேட்கும். டேங்கில் 20 பார் மீதி இருக்கும்போது 1 மி.மீ. துளை நொடிக்கு 0.8 கிராம் அளவுதான் தரும். வண்டி மேட்டில் ஏறாமல் நின்றுவிடும்.

நிறைந்த டேங்குக்குச் சின்னத் துளை வேண்டும், காலி டேங்குக்குப் பெரிய துளை வேண்டும். அதனால்தான் இந்தத் துறையில் பெரும்பாலோர் பைலட் வகைக்கு வந்து நிற்கிறார்கள். மூடிக்குள் 0.5 மி.மீ. அளவில் இன்னொரு குட்டித் துளை. காயில் முதலில் அதை மட்டும் திறக்கிறது. 700 பாரில்கூட அதற்கு 14 நியூட்டன் போதும். அந்தத் துளை வழியாக வாயு மறுபக்கத்துக் குழாயில் நிரம்புகிறது. இரு பக்க அழுத்தமும் நெருங்கியதும் பிளஞ்சர் பெரிய மூடியையும் தூக்கிவிடும். 5 பார் வித்தியாசம் பாக்கி இருந்தாலும் 4 மி.மீ. மூடிக்கு 6 நியூட்டன் போதும். ஃப்ரிட்ஜ் கதவை மூடிய உடனே திறக்கப் பார்த்தால் அடம் பிடிக்கும். கொஞ்சம் காற்று உள்ளே கசிந்த பிறகு சுலபமாக வந்துவிடும். அதே சங்கதிதான் இங்கும்.

ஒன்றைக் கவனியுங்கள்: மறுபக்கத்தில் வாயு நிரம்ப வேண்டுமானால் அங்கே யாரும் அதை உறிஞ்சக் கூடாது. பைலட் தருவதைவிட அதிகமாக ஃப்யூல் செல் இழுத்தால் அழுத்தம் சமமாகாது, பெரிய மூடி திறக்காது. வால்வில் குறை தேடி நாள் போகும். குறை கன்ட்ரோலர் ஸ்டார்ட்-அப் வரிசையில் இருக்கும்.

கேள்வி (மின்சார வாகனத் துறையில் வேலை பார்ப்பவர்): வண்டி ஓடும் நேரம் முழுக்க வால்வு திறந்தே இருக்க வேண்டும். மின்சாரம் வீணாகுமே?

திறப்பதற்குத் தேவையான மின்னோட்டம் வேறு, திறந்ததைப் பிடித்து வைப்பதற்குத் தேவையானது வேறு. திறக்கும் கணத்தில் இடைவெளி பெரிது, வாயுவும் எதிர்க்கிறது. திறந்த பிறகு பிளஞ்சர் இரும்போடு ஒட்டி நிற்கிறது, அழுத்தமும் சமம். ஸ்பிரிங்கை மட்டும் தாங்கினால் போதும். 10 ஓம் காயிலில் முதலில் 1.2 ஆம்பியர், அப்புறம் 0.4 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14.4 வாட் 1.6 வாட்டாகிவிடும். மின்னோட்டம் மூன்றில் ஒன்று, வெப்பம் ஒன்பதில் ஒன்று. இரண்டாம் தலைமுறை டொயோட்டா மிராய், ஹூண்டாய் நெக்ஸோ இரண்டிலும் மூன்று டேங்குகள். இப்படியொரு காயில் மூன்று இருந்தால் 43 வாட்டுக்குப் பதில் 5 வாட்டுக்குள் அடங்கும்.

காயிலை இயக்கும் டிரைவர் சர்க்யூட்டில், அணைக்கும்போது காயிலில் மிஞ்சும் மின்னோட்டத்துக்கு வழிவிட வெறும் டயோடு போட்டு நிறுத்திவிடாதீர்கள். அணைத்த பிறகும் மின்னோட்டம் மெதுவாகத்தான் வடியும், வால்வு மூடத் தாமதமாகும். ஒரு ஜீனர் டயோடு சேர்த்தால் சட்டென்று விழும்.

கேள்வி: நிரந்தரக் காந்தம் வைத்து, திறந்த நிலையிலேயே தானாக நிற்கும் லாச்சிங் வகை போட்டால், பிடித்து வைக்க மின்சாரமே வேண்டாமே?

வேண்டாம், ஆனால் விபத்தில் வயர் அறுந்தால் வால்வு திறந்தே கிடக்கும். மின்சாரம் போனால் ஸ்பிரிங் தானாக மூட வேண்டும் என்பது இந்த வால்வின் அடிப்படை. 1.6 வாட்டை மிச்சம் பிடிக்க அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி (வால்வு பட்டறை வைத்திருப்பவர்): சில வால்வுகளில் காயில் டேங்குக்கு உள்ளே இருக்கிறது. வெளியே வைத்தால் சர்வீஸ் சுலபம்தானே?

சுலபம்தான் அண்ணாச்சி. ஆனால் காயில் வெளியே இருந்தால், பிளஞ்சர் ஓடும் குழாய் முழு அழுத்தத்தையும் தாங்க வேண்டும். உள்விட்டம் 12 மி.மீ., சுவர் 2 மி.மீ. என்று போட்டுப் பாருங்கள்: 875 பாரில் உட்சுவரில் 310 மெகாபாஸ்கலுக்கு மேல் வருகிறது. சூடாக்கி மென்மையாக்கிய 316எல் துருப்பிடிக்காத ஸ்டீலின் குறைந்தபட்ச நெகிழ்வெல்லை (அதைத் தாண்டினால் நிரந்தரமாக உருமாறும்) 170 மெகாபாஸ்கல்தான். சுவரைத் தடியாக்கினால் காயிலுக்கும் பிளஞ்சருக்கும் நடுவே காந்தம் ஏறாத உலோகம் கூடிக்கொண்டே போகும், இழுவிசை குறையும்.

காயிலை உள்ளே வைத்தால் குழாயின் இரு பக்கமும் ஒரே அழுத்தம், மெல்லிய குழாயே போதும். வண்டி மோதினாலும் டேங்குக்குள் பத்திரம். விலை என்ன என்றால், காயிலை மூடி வார்த்த ரெசினுக்குள் ஹைட்ரஜன் ஊறும். டேங்க் வேகமாகக் காலியாகும்போது ஊறிய வாயு வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கிளப்பும். வார்க்கும்போது காற்றுக்குமிழி ஒன்றுகூடத் தங்காமல் வெற்றிடத்தில் வார்க்க வேண்டும். வயர் வெளியே வரும் இடத்துக்கும் உயர் அழுத்த சீல் தேவை. இடம் நெருக்கடியான வண்டி என்றால் நான் உள்ளே வைப்பேன். நிலத்தில் நிற்கும் சேமிப்பு என்றால் வெளியே.

கேள்வி: டெஸ்ட் பெஞ்சில் ஒழுங்காகத் திறக்கிறது, வண்டியில் சில நேரம் திறப்பதில்லை. ஏன்?

அநேகமாக நிரப்பி முடித்த கையோடு இப்படி ஆகும். அப்போது வாயு 85 டிகிரியை நெருங்கியிருக்கலாம், அழுத்தமும் உச்சத்தில். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியிலிருந்து 85-க்குப் போனால் கால் பங்கு கூடிவிடும். பேட்டரி 9 வோல்ட்டுக்குத் தொய்ந்திருந்தால் மின்னோட்டம் 60 சதவீதம், விசை மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 36 சதவீதம். பெஞ்சில் 12 வோல்ட், 25 டிகிரி, 700 பாரில் பாஸ் ஆனது ஒன்றையும் நிரூபிக்காது. சூடு, குறைந்த வோல்ட்டேஜ், 875 பார் மூன்றையும் ஒன்றாக வைத்துத்தான் காயிலை முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: எந்த உலோகம் போடலாம்?

உடம்புக்கு 6061-டி6 அலுமினியம் அல்லது நிக்கல் அதிகமுள்ள 316எல். 304 ஸ்டீலை வளைத்து அழுத்தி வேலை செய்தால் அதன் உள்கட்டமைப்பு மாறும், ஹைட்ரஜனில் மொறுமொறுவென்று விரிசல் விடும். 17-7 பிஎச் ஸ்டீல் ஸ்பிரிங்கையும் தொடவே தொடாதீர்கள். பிளஞ்சருக்குக் காந்தம் ஏறும் ஸ்டீல்தான் வேண்டும், 430 வகை புழக்கத்தில் உண்டு; அதில் இழுவிசைச் சுமை வராதபடி வடிவமைத்துவிடுங்கள். சீட்டுக்குப் பீக் (PEEK) அல்லது பாலிஇமைடு பிளாஸ்டிக்.

கேள்வி (பேராசிரியர்): கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்களை வைத்து எப்படிச் சோதிப்பது?

ஹைட்ரஜனைத் தொடாமலே நிறையச் செய்யலாம் ஐயா. வலிமைக்குத் தண்ணீர் அழுத்தம். கசிவுக்கு ஹீலியம், அல்லது 5 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜன், அது தீப்பிடிக்காது. ஐ.நா.வின் உலக விதி எண் 13, மூடும் வால்வுக்கு 50,000 முறை திறந்து மூடும் சோதனை கேட்கிறது. கசிவு மணிக்கு 10 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் வண்டிக்கு ஏஐஎஸ்-157 என்ற வாகனத் தரநிலை, சிலிண்டருக்கும் வால்வுக்கும் 2016 கேஸ் சிலிண்டர் விதிகளின்படி பெசோ (மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) ஒப்புதல். ஆய்வக மாதிரியை வண்டியில் மாட்டிப் பார்க்கும் ஆசை வந்தால் தடுத்துவிடுங்கள்.

கேள்வி (முதல் மாணவர்): காந்தக் கணக்குக்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமா?

வேண்டாம், எஃப்இஎம்எம் (FEMM) என்ற காந்தப்புல மென்பொருள் இலவசம். வால்வு உருளை வடிவம்தானே, அச்சுச் சமச்சீராக ஒரு பாதி வரைந்தால் போதும். பிளஞ்சரை 0.1 மி.மீ. வீதம் நகர்த்தி ஒவ்வொரு நிலையிலும் விசையை எடுத்து, அதே வரைபடத்தில் ஸ்பிரிங் விசையையும் வாயு விசையையும் போடுங்கள். காந்தக் கோடு எந்த இடத்திலும் மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்குக் கீழே போகக் கூடாது. மின்னோட்டத்தை 9 வோல்ட், சூடான காயிலுக்குப் போட மறக்காதீர்கள். படம் வந்ததும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.