செம்புத் தடங்களை வளைத்துத்தான் போட வேண்டுமா?

தேவகோட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பூட்டிக் கிடக்கும் வீடுகளில் மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தி, வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரரின் கைப்பேசிக்கு வைஃபை வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றைச் செய்கிறேன். இரண்டு அடுக்கு பிசிபியை (அச்சிட்ட மின்சுற்றுப் பலகையை) கீகேட் மென்பொருளில் வரைந்து முடித்துவிட்டேன். அதன் செம்புத் தடங்கள், அதாவது டிராக்குகள், 45 பாகையில் திரும்புகின்றன; சில இடங்களில் செங்கோணமாகவே இருக்கின்றன. மூலையில் மின்னோட்டம் முட்டும், எல்லாவற்றையும் வளைவாக மாற்று என்கிறார் தெரிந்தவர் ஒருவர். மாற்றத்தான் வேண்டுமா?”

வேண்டியதில்லை. வெளி ஆன்டெனாவுக்குப் போகும் டிராக் ஒன்று உங்கள் பலகையில் இருந்தால், அதை மட்டும் கவனியுங்கள்.

மின்னோட்டம் முட்டும் என்பது தண்ணீரைப் பார்த்து வந்த எண்ணம். வளவுக் கூரையிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் குழாயின் முழங்கையில் மோதித் தெறிப்பது, அதற்கு எடையும் வேகமும் இருப்பதால். சில மில்லியாம்பியர் ஓடும் சிக்னல் டிராக்கிலோ எலக்ட்ரான்கள் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. அவற்றுக்கு மூலையும் நேர்வழியும் ஒன்றுதான். செங்கோண மூலையில் உண்மையில் நடப்பது வேறு. அங்கே தடத்தின் குறுக்களவு மூலைவிட்டத்தில் 1.41 மடங்காகிறது, கூடுதலாகச் சேரும் செம்பு, கீழே உள்ள கிரவுண்டோடு (மின்னோட்டம் திரும்பிப் போகும் பொதுச் செம்போடு) சேர்ந்து ஒரு சின்னக் கெபாசிட்டராகிறது. 0.3 மி.மீ. அகல டிராக்கில் அதன் அளவு ஒரு பிக்கோஃபாரடில் நூறில் சில பங்குதான். அந்த டிராக் போய்ச் சேரும் மைக்ரோகன்ட்ரோலர் என்னும் கட்டுப்பாட்டுச் சில்லின் காலிலேயே ஐந்து பிக்கோஃபாரட் அளவுக்கு இருக்கும்போது, மூலையை மழுக்கி என்ன மிச்சப்படுத்துவது?

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். எஃப்ஆர்-4 என்னும் வழக்கமான கண்ணாடியிழைப் பலகையில் சிக்னல் ஒரு நானோநொடியில் ஏறக்குறைய 150 மி.மீ. போகிறது. சுழியிலிருந்து முழு மின்னழுத்தத்துக்கு 5 நானோநொடியில் ஏறும் சிக்னலின் ஏற்றம் மட்டுமே 750 மி.மீ. நீளத்துக்குப் பரவி நிற்கும். அதன் கண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத மூலை படவே படாது.

ஆன்டெனா டிராக்கின் கதை வேறு. 1.6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு அடுக்குப் பலகையில் ஆன்டெனாவுக்குப் பொருந்தும் 50 ஓம் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) வர வேண்டுமானால் டிராக் ஏறத்தாழ 3 மி.மீ. அகலமாக இருக்க வேண்டும். அத்தனை அகலத்தில் செங்கோணமாகத் திரும்பினால் மூலையின் கெபாசிட்டன்ஸ் பத்து மடங்காகிவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸில் அது கருவியில் அளந்து பார்க்கும் அளவுக்குத் தெரியும். அங்கே மூலையின் வெளிப்புறத்தைச் சாய்வாக வெட்டலாம், அல்லது அகலத்தின் மூன்று மடங்குக்குக் குறையாத ஆரத்தில், அதாவது 9 மி.மீ. அல்லது அதற்கு மேல், வளைக்கலாம். ஆன்டெனா வைஃபை மாட்யூலுக்குள்ளேயே இருந்தால் இந்தத் தலைவலியே உங்களுக்கு இல்லை; ஆன்டெனாவுக்கு அடியில் செம்பு வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வளைவு ஒன்றும் புதிய நாகரிகம் அல்ல. ஃபிலிம் மேல் கறுப்பு நாடாவைக் கையால் ஒட்டிப் பலகை வரைந்த காலத்தில் தடங்கள் தாமாகவே வளைந்து போயின. கட்டத்தில் வரையும் மென்பொருள்கள் வந்த பிறகுதான் 45 பாகை வழக்கமாயிற்று. இப்போது கீகேட் 6 முதல் வளைவாகவும் ஓட்டலாம், ஆனால் பிறகு ஒரு பாகத்தை நகர்த்தினால் வளைவுகளைத் திரும்பச் சரிசெய்வதில் மாலைப்பொழுது போய்விடும். அழகுக்காகச் செய்கிறீர்கள் என்றால் செய்யுங்கள். ஆத்தங்குடிக் கல்லில் பூ எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. மடிந்து மடிந்து நிமிரும் ஃபிளெக்ஸ் பலகையில் மட்டும் வளைவு கட்டாயம் என்பேன், ஏனென்றால் கூர்மூலையில்தான் செம்பு முதலில் வெடிக்கும்.

ஃபெர்ரிக் குளோரைடில் நீங்களே எட்சிங் செய்வதானால், அதாவது வேண்டாத செம்பைக் கரைத்தெடுப்பதானால், 90 பாகைக்குக் குறைவான குறுங்கோணங்களை மட்டும் தவிருங்கள். அந்த இடுக்கில் திரவம் தங்கிச் செம்பைக் கூடுதலாக அரிக்கும். காரைக்குடியில் மின்வேதியியலுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதால், இந்த அரிப்பு விவகாரத்தை விளக்க அக்கம்பக்கத்திலேயே ஆள் கிடைப்பார்கள்.

மோட்டாரை ரிலே என்னும் மின்காந்தச் சுவிட்சால் இயக்கி நிறுத்தும் என்னுடைய முதல் பலகை, மோட்டார் நிற்கும் ஒவ்வொரு முறையும் ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. ஒரு நாள் முழுக்க மூலைகளை மழுக்கிக்கொண்டிருந்தேன். கோளாறு இருந்ததோ கிரவுண்டில்: ரிலே காயிலின் மின்னோட்டமும் மைக்ரோகன்ட்ரோலரின் மின்னோட்டமும் ஒரே மெல்லிய டிராக் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. கீழ் அடுக்கு முழுவதையும் கிரவுண்டாக நிரப்பி, காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடையும் போட்ட பிறகே அடங்கியது.

வளைப்பதற்கு ஒதுக்கிய நேரத்தை 230 வோல்ட் பக்கம் செலவிடுங்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டாரின் மின்னோட்டம் போகும் டிராக், 35 மைக்ரான் செம்பில் 5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கிணற்றடி ஈரத்தில் மாட்டப் போகும் பலகை என்பதால் மின்சார வாரிய லைனுக்கும் குறைமின்னழுத்தப் பக்கத்துக்கும் இடையே 8 மி.மீ. இடைவெளி வையுங்கள். கிரவுண்டு நிரப்பும்போது அந்த இடைவெளிக்குள் செம்பு ஏறாமல் தடுத்து விடுங்கள். ரிலேக்கு அடியில் அவ்வளவு இடம் கிடைக்காவிட்டால், பலகையையே அங்கே நீளவாக்கில் வெட்டி ஒரு திறப்பு விட்டுத் தயாரிப்புக்கு அனுப்புங்கள்.