வெள்ளைப் பலகை ஜீப்பும் வெள்ளைக் கார்டும்

குடும்பக் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வண்டிப்பெரியாருக்கு அருகில், தேயிலைத் தோட்ட லயத்தில் குடியிருக்கிறோம். நானும் கணவரும் தோட்டத் தொழிலாளர்கள். மாமியார், மகன், கல்லூரியில் படிக்கும் மகள் ஆகியோரைச் சேர்த்து வீட்டில் ஐந்து பேர். சென்ற ஆண்டு மகன் கடன் வாங்கிப் பழைய ஜீப் ஒன்றை எடுத்தான்; தனியார் வண்டிக்குரிய வெள்ளை எண் பலகையோடுதான் அது ஓடுகிறது. தமிழ்நாட்டுக் கம்பத்திலிருந்து குமுளிக்கு வந்து இறங்கும் பெண்களை ஏலத்தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்கிறான். மூன்று மாதங்களுக்கு முன்பு முன்னுரிமைக்கான எங்கள் பிங்க் ரேஷன் கார்டை முன்னுரிமை இல்லாத வெள்ளைக் கார்டாக மாற்றிவிட்டார்கள். கம்பத்தில் இருக்கும் என் அக்கா வீட்டு வாசலில் கார் நிற்கிறது; ஆனாலும் அவர்களுக்கு மாதந்தோறும் இலவச அரிசி கிடைக்கிறது. நாங்கள் செய்த தவறு என்ன? மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவான இழப்புக்கு ஏன் இவ்வளவு கலங்குகிறாய் என்று கணவர் கேட்கிறார். என் கணக்கு நோட்டின் இரண்டு மாதப் பக்கங்களை நகலெடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, இடுக்கி மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் கணவரின் கேள்விக்கு உங்கள் நோட்டே பதில் வைத்திருப்பதால், முதலில் அதைப் பார்ப்போம். இருவரின் சம்பளமாகக் கைக்கு வருவது 17,000 ரூபாய். டீசலும் தவணையும் போக ஜீப்பில் மிஞ்சுவது 4,000. ஆக மொத்தம் 21,000. பிங்க் கார்டில் ஆளுக்கு 5 கிலோ வீதம் மாதம் 25 கிலோ தானியம் விலையில்லாமல் வந்தது. இப்போது வெள்ளைக் கார்டில் 5 கிலோ அரிசியைக் கிலோ 10 ரூபாய் 90 காசுக்கு வாங்கியிருக்கிறீர்கள். மீதி 15 கிலோ அரிசியைக் கடையில் 44 ரூபாய் வீதமும், கோதுமைக்குப் பதிலாக 5 கிலோ மாவை 50 ரூபாய் வீதமும் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 965 ரூபாய். 21,000 ரூபாயில் இது நூற்றுக்கு ஐந்து கூட இல்லை. கணவர் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

ஆனால் அந்த 21,000 ரூபாயும் உங்கள் கையில் தங்கும் பணம் அன்று. குழுக்கடன் 3,200, சீட்டு 2,000, மகளின் கல்லூரிக்கும் பஸ்ஸுக்கும் 3,500, மாமியாரின் மருந்து 1,400, மின்சாரம், காஸ், கைபேசி ஆகியவற்றுக்கு 1,700, நகைக்கடன் வட்டி 1,200 என்று 13,000 ரூபாய் மாதத்தின் முதல் பத்து நாள்களுக்குள் போய்விடுகிறது. குழுக்கூட்டத்தில் போய், இந்த மாதம் ரேஷன் நின்றுவிட்டது, தவணையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க முடியாது. உண்மையில் நீங்கள் கூட்டவோ குறைக்கவோ முடிந்தது மிஞ்சும் 8,000 ரூபாயை மட்டுமே. அரிசி, காய், எண்ணெய், சோப்பு, துணிமணி, உறவினர் வீட்டு விசேஷம் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். 965 ரூபாய் அதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. அரசின் சலுகை குறையும்போது அந்தக் குறைவு குடும்பத்தின் எல்லாச் செலவுகளிலும் பரவி விழுவதில்லை. அசைக்க முடியாதவற்றையெல்லாம் விட்டுவிட்டு நேராக அடுப்பங்கரையில் வந்து விழுகிறது. அதனால்தான் ஆயிரம் ரூபாய்கூட இல்லாத இழப்பு உங்களைக் கலங்க வைக்கிறது.

எந்த இடத்தில் விழுந்தது என்பதையும் உங்கள் நோட்டிலேயே காண்கிறேன். பிங்க் கார்டு இருந்த மாதத்தின் பக்கத்தில் ‘மீன்’ என்று நான்கு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். வெள்ளைக் கார்டு வந்த மாதத்தில் மீன் ஒரே ஒரு முறை. மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் ‘கருவாடு 20’. முன்பு தினமும் இருந்த பால், பிந்தைய பக்கத்தில் வாரம் இரண்டு நாளாகக் குறைந்து, ஓரத்தில் ‘கட்டன்’ (பால் சேர்க்காத தேநீர்) என்று ஒரு சொல் மட்டும் இருக்கிறது. மருந்துக்கான 1,400 ரூபாயில் நீங்கள் கை வைக்கவில்லை. மகளின் பஸ் கட்டணத்திலும் கை வைக்கவில்லை. வீட்டின் ஊட்டத்தைக் குறைத்துத்தான் மற்றவற்றைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். ‘கருவாடு 20’ என்ற அந்த வரி என் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை.

இனி உங்கள் அக்காவின் அரிசிக்கு வருகிறேன். கேரளத்தில் முன்பு வசதியைப் பார்க்காமல் எல்லாருக்கும் ரேஷன் இருந்தது. 1997-இல் ஏழைகளை மட்டும் பிரித்துக் கொடுக்கும் முறை நாடெங்கும் வந்தது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கேரளமும் தமிழ்நாடும் 2016 நவம்பரில் நடைமுறைப்படுத்தின. தமிழ்நாடு தன் செலவையும் சேர்த்து, அரிசி அட்டை வைத்திருக்கும் அனைவருக்கும் அரிசி என்ற வழக்கத்தைத் தொடர்ந்தது. 2011 ஜூன் முதல் அந்த அரிசிக்கு விலையும் இல்லை. கேரளத்தில் குடும்பங்கள் மஞ்சள், பிங்க், நீலம், வெள்ளை என்று நான்காகப் பிரிந்தன. மஞ்சள், பிங்க் ஆகிய இரு முன்னுரிமைப் பிரிவுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 1.54 கோடிப் பேருக்குத்தான் இடம். அந்த எண்ணிக்கை 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி வகுக்கப்பட்டது. எனவே புதிதாக ஒரு குடும்பம் உள்ளே வர வேண்டுமானால் வேறொரு குடும்பம் வெளியேற வேண்டும். தகுதியற்றவர்களைக் கண்டறிய 2022-இல் ‘ஆபரேஷன் யெல்லோ’ என்ற பெயரில் சோதனை நடந்ததும், இன்றும் வாகனப் பதிவுப் பட்டியலையும் ரேஷன் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் இதனால்தான்.

முன்னுரிமைப் பிரிவிலிருந்து ஒரு குடும்பத்தை நீக்குவதற்குரிய காரணங்களில் சிலவற்றைச் சொல்கிறேன்: அரசு வேலை, வருமான வரி கட்டுதல், ஒரு ஏக்கருக்கு மேல் நிலம், 1,000 சதுர அடிக்கு மேற்பட்ட வீடு, மாதம் 25,000 ரூபாய்க்கு மேல் வருமானம், நான்கு சக்கர வாகனம். கடைசியாகச் சொன்னதில்தான் நீங்கள் அகப்பட்டிருக்கிறீர்கள். வருமான வரம்புக்கு நீங்கள் இன்னும் நாலாயிரம் ரூபாய் கீழே இருக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். கடனில் வாங்கிய பழைய ஜீப்பையும் பங்களா வாசலில் நிற்கும் காரையும் விதி ஒரே கண்ணால்தான் பார்க்கிறது. மகன் 4,000 ரூபாய் சம்பாதிக்கத் தொடங்கியதும், குடும்பத்தின் சலுகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவில்லை. ஒரே நாளில் முழுவதும் நின்றுவிட்டது. உழைத்து ஒரு படி ஏறும் குடும்பத்தின் காலடியிலிருந்து இப்படிப் பலகையை இழுப்பது சரியான முறையன்று என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் தவறேதும் செய்யவில்லை.

ஆனால் விதியில் ஒரு வழி இருக்கிறது. குடும்பத்தின் பிழைப்புக்காகவே ஓட்டும் ஒரு டாக்சி இருந்தால், அதைக் காரணம் காட்டி முன்னுரிமை கார்டை எடுப்பதில்லை. உங்கள் ஜீப் தனியார் வண்டியாக, வெள்ளைப் பலகையோடு ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட வண்டியில் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றுவது வாகனச் சட்டத்துக்கும் விரோதம். ஏதேனும் விபத்து நேர்ந்தால் வண்டியில் இருக்கும் அந்தப் பெண்களுக்குக் காப்பீட்டுத் தொகை கிடைப்பதே சிக்கலாகிவிடும். ஏலத்தோட்ட ஜீப்புகள் மலைப்பாதையில் கவிழ்வது நம் எல்லைப்பகுதியில் அரிதான செய்தியன்று. ஆகவே ரேஷனுக்காக மட்டுமல்லாமல், அவர்களுடைய உயிரை எண்ணியும் வண்டியை டாக்சியாக மாற்றிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பெர்மிட், கூடுதல் காப்பீட்டுக் கட்டணம், தகுதிச் சான்று எனச் செலவு உண்டு. அதை ஆண்டுக்குக் கணக்கிட்டு, உங்கள் ரேஷன் இழப்பான ஏறத்தாழ 11,600 ரூபாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவு மாறியதும், வில்லேஜ் ஆபீஸ் வருமானச் சான்றும் பஞ்சாயத்துச் சான்றும் சேர்த்து, அட்சயா என்ற அரசு இணையச் சேவை மையம் வழியாகத் தாலுகா சப்ளை ஆபீசுக்கு விண்ணப்பியுங்கள். முன்னுரிமைக்கான விண்ணப்பங்களை எல்லா நாளும் ஏற்பதில்லை. அதற்கென அறிவிக்கும் நாள்களை ரேஷன் கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரின் நோய்க்கான மருத்துவச் சான்றையும் மறவாமல் இணையுங்கள். மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும்போது அதுவும் கணக்கில் வரலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அக்கா வீட்டு முகவரியில் கம்பத்தில் ஒரு கார்டு வாங்கிக்கொள்ளலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எல்லைப்பகுதியில் அந்தப் பழக்கம் முன்பு இருந்ததுதான். ஆதார் இணைந்த பிறகு இரண்டு மாநிலப் பட்டியலிலும் பெயர் இருப்பது எளிதில் தெரிந்துவிடும். அப்போது இருப்பதையும் இழந்து, வாங்கிய பொருளுக்குச் சந்தை விலையையும் கட்ட நேரிடும்.

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் வசிக்கிறோம். 71 வயதான என் தாயாருக்குக் கேரள அரசின் க்ஷேமப் பென்ஷன் வருகிறது. 2023-24-இல் அது பல மாதங்கள் வராமல் நின்றபோது, அவருடைய மருந்துக்காக ஐந்து வட்டிக்குக் கடன் வாங்கினேன். பாக்கி பின்னர் வந்துவிட்டதே, உனக்கு என்ன நஷ்டம் என்கிறார் அண்ணன். இப்போது தொகை 2,000 ஆகியிருக்கிறது. இதை நம்பி மாதச் செலவைத் திட்டமிடலாமா?
– வாசகர், சித்தூர்

பதில்: தம்பி, நஷ்டம் என்னவென்று எழுதிக் காட்டினால் அண்ணனுக்கும் விளங்கும். மாதம் 1,600 ரூபாய் வீதம் ஐந்து மாதங்கள் கடன் வாங்கி, ஐந்தாம் மாத முடிவில் பாக்கி முழுவதும் ஒரே தவணையில் வந்ததாகவே வைத்துக்கொள்வோம். முதல் மாதக் கடனுக்கு வட்டி 400, அடுத்ததற்கு 320, பிறகு 240, 160, 80. மொத்தம் 1,200 ரூபாய். ஐந்து மாதப் பென்ஷனான 8,000 ரூபாயில் இது நூற்றுக்குப் பதினைந்து. அந்தப் பாக்கி ஒரே தவணையில் வரவில்லை என்பதும், 2024-லும் 2025-லும் சிறிது சிறிதாகவே வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். எனவே உங்கள் வட்டி இதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும். அரசின் கணக்கில் தாமதம் என்று எழுதப்படுவது கடனாளியின் வீட்டில் வெட்டாகவே விழுகிறது. 2023 நவம்பரில் அடிமாலியில் இரண்டு மூதாட்டிகள் பிச்சைச் சட்டி ஏந்தித் தெருவில் நின்றது இந்தப் பாக்கிக்காகத்தான்.

காரணத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. 60 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மாதந்தோறும் தடையின்றிக் கொடுப்பதற்காகவே கேரள அரசு 2018-இல் ஒரு தனி நிறுவனத்தை அமைத்து, அதன் மூலம் கடன் வாங்கிப் பென்ஷன் வழங்கியது. அந்தக் கடனையும் மாநிலத்தின் கடன் வரம்புக்குள் சேர்த்தே கணக்கிடுவோம் என்று மத்திய அரசு சொன்னபோது, கடன் வாங்கும் வழி சுருங்கியது. 2023 டிசம்பரில் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2024 ஏப்ரலில் வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அந்த வழக்கின் செலவை உங்கள் தாயாரின் மருந்துச் சீட்டு சுமந்திருக்கக் கூடாது என்பதை மட்டும் நான் சொல்வேன்.

2025 நவம்பர் முதல் தொகை 2,000 ஆனது மகிழ்ச்சியான செய்தி. ஆனாலும் கூடுதலாக வரும் 400 ரூபாயை நம்பிப் புதிய தவணை எதையும் தொடங்க வேண்டாம். முடிந்தவரை அதை ஒதுக்கி வைத்தால், பென்ஷன் ஒரு மாதம் தவறும்போது ஐந்து வட்டிக்காரரிடம் போகாமல் சமாளிக்கலாம். வீட்டில் யாரேனும் குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுய உதவிக் குழுவில் உறுப்பினராக இருந்தால், அவசரத்துக்கு அங்கே குறைந்த வட்டியில் கடன் கிடைக்குமா என்று கேளுங்கள். உயிரோடு இருப்பதை விரல்ரேகை வைத்து உறுதி செய்யும் மஸ்டரிங்கை ஆண்டுதோறும் தவறாமல் செய்யுங்கள். அதைத் தவறவிட்டுப் பென்ஷன் நின்றுபோன முதியவர்கள் பலர். தாயாரால் நடக்க முடியாவிட்டால், வீட்டுக்கே வந்து பதிவு செய்யும்படி அட்சயா மையத்தில் கேட்கலாம்.

கேள்வி: போடிமெட்டு வழியாகத் தினமும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். காஸ் மானியம் வங்கியில் விழுந்து பல ஆண்டுகளாகின்றன. வங்கிக்கு மூன்று முறை போய்விட்டேன். எங்கே தவறு?
– வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: அம்மா, வங்கியில் தவறு இல்லை. 2015-இல் மானியத்தை நேரடியாக வங்கிக் கணக்கில் போடத் தொடங்கினார்கள்; 2020-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பொதுவான இணைப்புகளுக்கு அது நின்றுவிட்டது. நிறுத்திவிட்டோம் என்று உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாததால், இன்றும் பலர் பாஸ்புக்கோடு அலைகிறார்கள். ஏழைக் குடும்பப் பெண்களுக்கான உஜ்வலா திட்டத்தில் இணைப்பு பெற்றவர்களுக்கு மட்டும் 2022 மே மாதம் முதல் மானியம் வருகிறது: முதலில் சிலிண்டருக்கு 200 ரூபாய், 2023 அக்டோபர் முதல் 300 ரூபாய். 2025-26-இல் அதுவும் ஆண்டுக்கு 9 சிலிண்டர்கள் வரைதான். உங்கள் இணைப்பு உஜ்வலாவா என்பதைக் காஸ் ஏஜென்சிக்குப் போன் செய்து நுகர்வோர் எண்ணைச் சொன்னாலே தெரிந்துகொள்ளலாம். உஜ்வலா என்றால், சிலிண்டர் கொண்டுவரும் ஊழியரிடமே ஆதார் சரிபார்ப்பு செய்ய முடியுமா என்று கேளுங்கள். உஜ்வலா இல்லையென்றால் நான்காவது முறையாக வங்கிக்குப் போகாதீர்கள். ஏற்கெனவே மூன்று நாள் கூலி போய்விட்டது.