பழந்தாள் பெட்டி: கைப்பிரதிகளும் அடிமை ஒழிப்புச் சிறுநூல்களும்

கேள்வி: என் பாட்டனார் சபையில் உபதேசியாராக இருந்தவர். அவருடைய தகரப் பெட்டியில் 11 ஆங்கிலச் சிறுநூல்களை ஒன்றாகத் தைத்த தடித்த புத்தகம் ஒன்று கிடைத்தது. ஏழு பக்தி நூல்கள், நான்கு அடிமை ஒழிப்பு பற்றியவை. கூடவே நூலால் கட்டிய தமிழ்க் கைப்பிரதிகள் (சமயம் பரப்ப அச்சிட்டுக் கொடுக்கும் சிறு வெளியீடுகள்). எல்லாவற்றிலும் பூஞ்சணம். பழைய புத்தகம் வாங்குபவர் ஒருவர், பிரித்துத் தனித்தனியாக விற்றால் நல்ல விலை என்கிறார். பிரிக்கலாமா? (வாசகி, புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: பிரிக்கவே வேண்டாம், அம்மா. அந்த 11 நூல்களையும் தனித்தனியாக வேறு நூலகங்களில் பார்க்க முடியலாம். ஆனால் ஒருவர் எதை எதோடு சேர்த்து வாசித்தார், எந்த வரிசையில் தைத்துக்கொண்டார் என்பது உங்கள் கையில் உள்ள தொகுதியில் மட்டுமே இருக்கிறது. முதுகை அறுத்தால் அந்த வரிசை போய்விடும். தனியாக விற்ற நாளில் ஓரத்தில் குத்தித் தைத்த ஊசித் துளைகளும் போய்விடும்.

முதல் வேலை படம் எடுப்பது. பெட்டியில் இருந்தபடியே ஒரு படம், பிறகு ஒவ்வொரு தலைப்புப் பக்கமும், கடைசிப் பக்கமும், கையெழுத்து உள்ள இடமும். கட்டிய நூலை அவிழ்ப்பதற்கு முன் கைப்பிரதிகளின் வரிசையை எழுதி வையுங்கள்.

பூஞ்சணத்தை ஈரத் துணியால் துடைத்தால் அது தாளுக்குள் இறங்கிக் கறையாகிவிடும். தொகுதியை மற்றப் புத்தகங்களிலிருந்து விலக்கி, ஈரப்பதம் 55 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள அறையில் சில நாள் வையுங்கள். அளக்க ஒரு ஈரப்பதமானி போதும். தொட்டால் பிசுபிசுப்பாக இழுபடும் பூஞ்சணம் உயிரோடு இருக்கிறது. உலர்ந்து மாவாக உதிர்ந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். என்95 முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே நிழலில், மென்மையான தூரிகையால் தையலின் பக்கமிருந்து வெளி ஓரத்தை நோக்கித் தள்ளுங்கள். எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் தூளெல்லாம் தையலுக்குள் போய் அடையும். வெயிலில் காயப்போடுவது நம் வீடுகளில் வழக்கம். பழைய தாளுக்கு அது ஆகாது. தாள் சுருண்டு முறுகும், மை வெளிறும்.

இராமபாணப் பூச்சி இருந்தால் பாச்சை உருண்டை போடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் வைத்துக் காற்றை வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு பையை 24 மணி நேரம் திறக்கக் கூடாது. உடனே திறந்தால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த தாளின் மேல் முத்து முத்தாகப் படிந்துவிடும்.

கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவோ, லேமினேட் செய்யவோ வேண்டாம். டேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகித் தாளோடு ஒன்றிவிடும், பிறகு பிரிக்க வழியில்லை. துருப்பிடித்த குண்டூசியை மட்டும் மெதுவாக எடுத்துவிடலாம். அமிலமற்ற அட்டைப் பெட்டியில் படுக்க வைத்து, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். இரவில் மட்டும் ஏர்கண்டிஷனர் ஓடும் படுக்கையறை சரிப்படாது: இரவில் உலர்ந்து பகலில் ஈரமாகும் தாள், ஒரே நிலையில் இருக்கும் தாளைவிடச் சீக்கிரம் கெடும்.

கேள்வி: தலைப்புப் பக்கத்தில் ஆண்டே இல்லாத நூலின் காலத்தை எப்படிக் கணிப்பது? (வாசகர், ஆயர் ஈத்தாம்)

பதில்: மூன்று இடங்களைப் பாருங்கள். ஆங்கில நூலில் சொல்லின் நடுவே வரும் 'எஸ்' எழுத்து 'எஃப்' போலத் தெரிந்தால் அது ஏறத்தாழ 1800-க்கு முந்தியது. பிரிட்டனில் 1799-ஆம் ஆண்டுச் சட்டம் அச்சடித்தவரின் பெயரையும் முகவரியையும் போடச் சொன்னதால், கடைசிப் பக்க அடியில் அச்சகப் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. அதே 1799-இல்தான் லண்டன் சமயக் கைப்பிரதிச் சங்கமும் தொடங்கியது; அதன் பெயர் இருந்தால் நூல் அதற்கு முந்தியதல்ல. தாளையும் தொட்டுப் பாருங்கள். கந்தல் துணிக் கூழில் செய்த பழைய தாள் இருநூறு ஆண்டுக்குப் பிறகும் வளையும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த மரக்கூழ்த் தாள் ஓரம் பழுத்து, மடித்தால் ஒடியும்.

தமிழ்க் கைப்பிரதியில் ஆண்டு தமிழ் எண்ணில் மறைந்திருக்கலாம். '௲௮௱௪௰௩' என்றிருந்தால் 1843. பலர் இதை அலங்காரக் கோடு என்று விட்டுவிடுகிறார்கள். நூறு பிரதிக்கு இன்ன விலை என்று அச்சிட்டிருந்தால் அது இலவசமாகக் கொடுப்பதற்கென்றே அடித்தது. கை மாறி மாறிக் கிழிந்து போனதால்தான் அவை இன்று அரிது.

கேள்வி: அடிமைக் கப்பலின் உட்பகுதியில் மனிதர்களை அடுக்கிய படம் என்னிடம் இருக்கிறது. அசலா? (வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: அது பெரும்பாலும் 'புரூக்ஸ்' என்ற அடிமைக் கப்பலின் படம். 1788-இல் பிளிமத்திலும் 1789-இல் லண்டனிலும் வெளியானது. பிறகு எண்ணற்ற முறை மறுபடி அச்சானது. பத்து மடங்கு பூதக்கண்ணாடியால் பாருங்கள். படம் முழுதும் சின்னஞ்சிறு புள்ளிகளாக இருந்தால் பிற்கால நகல். செப்புத் தகட்டில் அடித்ததானால் படத்தைச் சுற்றிச் செவ்வகமாகத் தாள் அமுங்கிய தடம் விரலில் தட்டுப்படும். தாளின் ஓரத்தை வெட்டியிருந்தால் அந்தத் தடம் இல்லாமலும் போகலாம். சட்டமிட்டு மாட்டியிருந்தால் கழற்றாமல் எதுவும் சொல்ல முடியாது.

கேள்வி: மேற்கிந்தியத் தீவு அடிமைகளைப் பற்றிய நூல் பினாங்கில் ஏன் இருக்க வேண்டும்? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: பினாங்கிலும் அடிமைகள் இருந்தார்கள். 1833-ஆம் ஆண்டு அடிமை ஒழிப்புச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளை விலக்கிவிட்டது. பினாங்கு அப்போது கம்பெனியிடம் இருந்தது. கம்பெனி ஆட்சிக்குப் பொருந்திய 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமையின் மேல் உரிமை கோருவதை நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்றது. லண்டன் மிஷனரி சங்கத்தார் 1819 முதலே பினாங்கில் இருந்ததால் இந்த நூல்கள் வர வழியும் இருந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான தொடர்பு ஒன்று உண்டு. 1791-இல் வில்லியம் ஃபாக்ஸ் எழுதிய சிறுநூல், அடிமை உழைப்பில் விளைந்த சர்க்கரையை வாங்காதீர்கள் என்று மக்களைக் கேட்டது. 1840-இல் ஜான் ஸ்கோபிள், மொரீசியசுக்கும் பிரிட்டிஷ் கயானாவுக்கும் கப்பலேற்றிய இந்தியக் கூலிகளின் நிலையை எழுதினார். அதே காலத்தில் உங்கள் ஊரைச் சூழ்ந்த செபராங் பிறை கரும்புத் தோட்டங்களுக்கும் நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்துகொண்டிருந்தார்கள். இவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் வீட்டுத் தொகுதியில் இருந்தால், ஓரத்தில் பென்சில் குறிப்பு உண்டா என்று பக்கம் பக்கமாகப் பாருங்கள். அந்தக் குறிப்பை அழிக்க வேண்டாம்.

கேள்வி: வீட்டில் உள்ள பழைய நூல்களை ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளிடம் கொடுத்துவிடலாமா? (வாசகர், செந்தூல்)

பதில்: மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டப்படி பாரம்பரியப் பொருளை உரிமமின்றி வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உங்களுடையது அதில் வருமா என்று தேசியப் பாரம்பரியத் துறையிடம் முதலில் கேளுங்கள். அசல் இங்கேயே இருக்கட்டும் என்று நினைத்தால் தேசிய நூலகத்தையோ மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தையோ அணுகலாம். கொடுக்கும்போது தொகுதியைப் பிரிக்கக் கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மகளுக்கு ஒவ்வொரு பக்கத்தின் படத்தையும் அனுப்பலாம். தட்டையான ஸ்கேனரில் புத்தகத்தைக் கவிழ்த்து அழுத்தாமல், 90 டிகிரிக்கு மேல் விரிக்காமல், மேலிருந்து கேமராவால் எடுங்கள்.