ஃப்ரீ ஜாஸ் கச்சேரியில் எதைப் பிடித்துக்கொள்வது?

ஃப்ரீ ஜாஸ் என்றால் நிலையான மெட்டுக்கும் தாளத்துக்கும் கட்டுப்படாமல் மேடையிலேயே உருவாக்கி வாசிக்கும் ஜாஸ். மேடையில் பல நாட்டுக்காரர்கள் நான்கு பேர், நிற்காமல் நாற்பது நிமிட வாசிப்பு, தாளமே பிடிபடவில்லை, சுற்றிலும் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நீங்கள் இடைவேளையில் கிளம்பிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் ஓடிவந்தேன்.

அடுத்த வாரம் மறுபடி போவதென்றால் மெட்டைத் தேடாதீர்கள். யார் யாருக்குப் பதில் சொல்கிறார் என்று பாருங்கள். சாக்ஸபோன் அலறினால் காது தானாக அங்கேதான் போகும். அதை விட்டுவிட்டு டபுள் பேஸ் (ஆளுயர வயலின் போன்ற வாத்தியம்) வாசிப்பவரை மட்டும் பத்து நிமிடம் தொடருங்கள். அவர் வில்லைக் கையில் எடுத்தாலோ சட்டென்று நிறுத்தினாலோ, மற்ற மூவரும் திசை மாறுவது பெரும்பாலும் உங்களுக்கே தெரியும்.

"கண்டபடி வாசிக்கிறார்களா?" என்று கேட்டீர்கள். இல்லை. அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் 1960 டிசம்பரில் இரண்டு குவார்ட்டெட்டுகளை (நால்வர் குழுக்களை) சேர்த்துப் பதிவு செய்த 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பம் சுமார் 37 நிமிடம். அதிலேயே முன்கூட்டி அமைத்த சிறு பகுதிகள் நடுநடுவே வரும். ஹெட்போனில் கேளுங்கள், ஒரு காதில் ஒரு குழு, மறு காதில் இன்னொன்று.

அது கனமாகத் தோன்றினால் 'டை லைக் எ டாக்' குவார்ட்டெட்டின் பதிவுகளைக் கேளுங்கள்: சாக்ஸபோனில் ஜெர்மனியின் பீட்டர் புரோட்ஸ்மன், டிரம்பெட்டில் ஜப்பானின் தோஷினோரி கோண்டோ, டபுள் பேஸில் வில்லியம் பார்க்கர், டிரம்ஸில் ஹமீத் டிரேக்; கடைசி இருவரும் அமெரிக்கர்கள். டிரேக்கின் டிரம்ஸில் கால் தட்ட இடம் கிடைக்கும். என்னைக் கேட்டால் இதிலேயே தொடங்கலாம்.

அப்புறம், காதடைப்பான் எடுத்துப் போங்கள். புரோட்ஸ்மன் வகை சத்தம் சும்மா இல்லை!