பனி நிலவுகளுக்குப் போகும் விண்கலங்கள்: கேள்வி பதில்

விண்கலங்களின் ஆண்டெனா, தகவல் தொடர்பு வேலையில் பல வருடம் இருந்தவன் நான். வியாழனிலும் அதற்கு அப்பாலும் உள்ள பனி உலகங்களுக்குப் போன கலங்கள், போய்க்கொண்டிருக்கும் கலங்கள் பற்றிக் கேளுங்கள். உயிரியல் என் துறை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: வியாழனின் நிலவான யூரோப்பாவில் உயிர் இருக்கிறதா?

பதில்: இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பனிக்கு அடியில் உப்புக் கடல் இருப்பதற்கு வலுவான ஆதாரம் உண்டு. வியாழனைச் சுற்றிய கலிலியோ கலத்தின் காந்தமானி தந்தது அது. ஆனால் தண்ணீர் வேறு, உயிர் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அந்தக் கலிலியோவின் பெரிய ஆண்டெனா விரியவே இல்லையாமே? அப்புறம் படங்கள் எப்படி வந்தன?

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 4.8 மீட்டர் அகலத்தில் குடை மாதிரி விரிய வேண்டிய ஆண்டெனா அது. மொத்தம் 18 கம்பிகள். 1991 ஏப்ரலில் விரியச் சொல்லிக் கட்டளை போனது. சில கம்பிகள் நடுத்தண்டை விட்டு வரவில்லை. சேலஞ்சர் விண்ணோட விபத்தால் ஏவுதல் 1989 வரை தள்ளிப்போனது. அதற்குள் கலம் கலிஃபோர்னியாவுக்கும் ஃப்ளோரிடாவுக்கும் இடையே லாரியில் போய்வந்தது. அந்தக் குலுக்கலில் கம்பிகளைப் பிடித்திருந்த பின்களின் மசகுப் பூச்சு தேய்ந்திருக்க வேண்டும் என்றுதான் ஆராய்ந்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். பூச்சு போய்விட்டால் வெற்றிடத்தில் உலோகமும் உலோகமும் கவ்விக்கொள்ளும். வெயிலில் காட்டினார்கள், நிழலில் குளிரவைத்தார்கள், மோட்டாரை விட்டு விட்டு ஓட்டி உதறிப் பார்த்தார்கள். அசையவில்லை.

விநாடிக்கு 1,34,000 பிட் அனுப்ப வேண்டிய கலம், சின்ன ஆண்டெனாவை வைத்துக்கொண்டு அதிகபட்சம் 160 பிட் அனுப்பியது. வழியிலேயே புது மென்பொருளை ஏற்றி, தரவைச் சுருக்கி, நாடாவில் சேர்த்துவைத்து, பூமியில் பல ஆண்டெனாக்களை ஒன்றாக இணைத்துக் கேட்டார்கள். யூரோப்பாவின் வெடித்த பனியை நாம் பார்த்தது இப்படித்தான். அந்தக் குழுவை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

2023-ல், வியாழனின் பனி நிலவுகளுக்குப் போகும் ஐரோப்பிய ஜூஸ் கலத்திலும் இதே மாதிரி நடந்தது. பனியை ஊடுருவிப் பார்க்கும் ரேடாரின் 16 மீட்டர் ஆண்டெனா, ஒரு சின்ன பின் சிக்கியதால் பாதியில் நின்றது. பக்கத்திலிருந்த விடுவிப்புக் கருவியை இயக்கி, அந்த அதிர்ச்சியில் பின்னைச் சில மில்லிமீட்டர் நகரவைத்தார்கள். மே மாதத்தில் விரிந்துவிட்டது.

கேள்வி: நியூ ஹொரைசன்ஸ் கலம் புளூட்டோவில் ஏன் நிற்கவில்லை?

பதில்: விநாடிக்குச் சுமார் 14 கிலோமீட்டர் வேகம். அதை அடக்கும் அளவுக்கு எரிபொருளைச் சுமந்திருந்தால் ஒன்பதரை வருடத்தில் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. 2015 ஜூலையில் பக்கத்தில் கடந்தபோது எடுத்த தரவு முழுவதும் வந்துசேர 15 மாதம் ஆனது.

கேள்வி: யூரோப்பாவில் இறங்கி, துளைபோட்டுக் கடலுக்குள் ஏன் போகக் கூடாது?

பதில்: அண்டார்டிகாவின் வாஸ்டாக் ஏரியை எட்ட 3,769 மீட்டர் பனியைத் துளைக்க வேண்டியிருந்தது. ஆட்கள், மின்சாரம், உதிரி பாகம் எல்லாம் பக்கத்தில் இருந்தும் பல வருடம் பிடித்தது, 2012-ல்தான் எட்டினார்கள். யூரோப்பாவின் பனி பல கிலோமீட்டர் தடிமன், 20-ஐத் தாண்டலாம் என்றும் மதிப்பிடுகிறார்கள். மைனஸ் 160 டிகிரியில் பனி பாறை மாதிரி. முதலில் மேலிருந்து பார்ப்போம்.

கேள்வி: யூரோப்பாவில் மீன் இருக்க வாய்ப்பு உண்டா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள். தண்ணீர் வேறு, உயிர் வேறு.

கேள்வி: சனியின் நிலவான என்செலடஸில் தண்ணீர் தானாகவே வெளியே பீய்ச்சுகிறது. அதை விட்டுவிட்டு யூரோப்பாவுக்கு இவ்வளவு பணம் ஏன்?

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன். 500 கிலோமீட்டர் விட்டமே உள்ள நிலவு. 2015 அக்டோபரில், சனியைச் சுற்றிய காசினி கலம் அந்தப் பீய்ச்சலுக்குள் தரையிலிருந்து 49 கிலோமீட்டர் உயரத்தில் புகுந்து வந்தது. உப்பு, ஹைட்ரஜன், பிறகு பாஸ்பேட் எல்லாம் காசினி தரவில் தெரிந்தன. ஆனால் சனிக்கு வரும் வெயில் நமக்கு வருவதில் தொண்ணூறில் ஒரு பங்கு. சூரியத் தகட்டை நம்புவது கடினம், புளூட்டோனியத்திலிருந்து மின்சாரம் எடுப்பதுதான் சுலபம். வியாழனில் கிட்டத்தட்ட இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதனால்தான் யூரோப்பாவுக்கான நாசாவின் கிளிப்பர் கலம், முனைக்கு முனை 30 மீட்டர் நீளும் சூரியத் தகடுகளோடு போகிறது.

கேள்வி (அதே நண்பர்): காசினியே சாம்பிள் எடுத்துவிட்டதே! இன்னும் என்ன தடை?

பதில்: காசினி அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. அது ஏவப்பட்டது 1997-ல்; பீய்ச்சல் தெரிந்தது 2005-ல். விநாடிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் பெரிய மூலக்கூறு உடைந்து சிதறும், கருவிக்குள் துண்டுகள்தான் மிஞ்சும். மெதுவாகக் கடக்கிற, கனமான மூலக்கூறையும் அடையாளம் காண்கிற கலம் வேண்டும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் நிபுணர் குழு 2024-ல் என்செலடஸை முதல் இலக்காகச் சொன்னது. உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் இரண்டில் ஒன்றை வெட்டு என்று சொல்வதை ஏற்கமாட்டேன்.

கேள்வி (இன்னொருவர்): நல்ல கலமான காசினியைச் சனிக்குள் தள்ளி ஏன் எரித்தார்கள்?

பதில்: எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. கட்டுப்பாடு போன கலம் என்செலடஸிலோ சனியின் இன்னொரு நிலவான டைட்டனிலோ விழுந்தால், நம் நுண்ணுயிரைக் கொண்டுபோய்க் கொட்டியதாகிவிடும். பிறகு அங்கே எதையாவது கண்டால் அது யாருடையது என்று எப்படிச் சொல்வது? 2003-ல் கலிலியோவும் வியாழனில் மூழ்கியது இதனால்தான்.

கேள்வி: பனிக்கடியில் நிச்சயம் உயிர் உண்டுதானே?

பதில்: மூன்றாவது முறை. இல்லை, "நிச்சயம்" என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை.

கேள்வி: கிளிப்பர் ஏன் யூரோப்பாவையே சுற்றாமல் வியாழனைச் சுற்றுகிறது?

பதில்: கதிர்வீச்சு. அங்கேயே தங்கினால் மின்னணுப் பாகங்கள் சீக்கிரம் செத்துப்போகும். அதனால் உள்ளே பாய்ந்து, அளந்து, வெளியே வந்து தரவை அனுப்பும். இப்படி 49 முறை, சில தடவை 25 கிலோமீட்டர் நெருக்கத்தில். 2024 அக்டோபரில் கிளம்பியது, 2030 ஏப்ரலில் வியாழனை எட்ட வேண்டும். ஜூஸ் 2031 ஜூலையில். உயிர் பற்றிய கேள்விகளை அதுவரை எடுத்துவையுங்கள். ஆண்டெனா பற்றி எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள்.