கெட்டிமேளத்தைச் சுற்றவிடலாமா? வீட்டு டிவிடி கேள்வி பதில்

மும்பை மாட்டுங்காவில் கல்யாண வீடியோ எடிட் செய்தே இருபது வருஷம் ஓட்டிவிட்டேன். பழைய டேப்பை டிவிடியாக்கித் தரச் சொல்லி இன்னும் ஆட்கள் வருகிறார்கள். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு டிஸ்க்கும் ரிமோட்டும்தான் கைக்குப் பழகியவை. "பென்டிரைவ் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு இங்கே பதில் கிடையாது. கேள்வி கேட்டவர்களை அவரவர் பகுதிப் பெயராலேயே குறித்திருக்கிறேன்.

செம்பூர்: அண்ணா, டிஸ்க் போட்டதும் வரும் மெனுவில் தலைப்பு பறந்து வந்து நிற்கும், அப்புறம் நாலு பட்டன் வரும்படி செய்தேன். ஆனால் பட்டன் வருவதற்கு முன்பே அந்தரத்தில் ஒரு மஞ்சள் கட்டம் நிற்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் தலைப்பு வேறு மறுபடி பறக்கிறது.

அனிமேஷன் மெனு என்பது சுற்றிச் சுற்றி ஓடும் ஒரு சின்ன வீடியோதான். ரிமோட்டை அழுத்தினால் நகரும் அந்த மஞ்சள் கட்டம் வீடியோவில் இல்லை. அது மேலே போர்த்திய தனி அடுக்கு. அதில் மொத்தம் நாலே நிறம், வெற்றிடமாக விடும் இடமும் அந்த நாலில் ஒன்று. அது தானாக அசையாது, மெனு தொடங்கியதும் வந்து உட்கார்ந்துகொள்ளும். கீழே உங்கள் பட்டன் இன்னும் பறந்துகொண்டிருப்பது அதற்குத் தெரியாது.

அதனால் இரண்டாக வெட்டுங்கள். பறப்பதெல்லாம் ஒரு துண்டு, அது ஒரே ஒருமுறை ஓடட்டும். அது முடிந்ததும் நேராக மெனுவுக்குத் தாவ வேண்டும். மெனுத் துண்டில் பட்டன்கள் முதல் ஃபிரேமிலிருந்தே இடத்தில் இருக்கட்டும். பின்னணியில் விளக்குச் சுடரோ, மாலை ஆடுவதோ, மெல்ல அசைகிற ஏதாவது போதும். 20, 30 விநாடி தாராளம். கடைசி ஃபிரேமும் முதல் ஃபிரேமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அப்படியும் சுற்று முடியும் இடத்தில் பிளேயர் ஒரு கணம் திணறும். லேசர் மறுபடி ஆரம்பத்துக்கு ஓட வேண்டுமே! அந்த இடத்தில் படம் அசையாமலும் சத்தம் அடங்கியும் இருந்தால் யாருக்கும் தெரியாது.

தாராவி: கம்ப்யூட்டரில் ஓடுகிறது. வீட்டு பிளேயரில் போட்டால் 'நோ டிஸ்க்'.

எம்பி4 ஃபைலை அப்படியே இழுத்துப் போட்டிருந்தால் பல பழைய பிளேயர்களுக்கு அது புரியாது. வீடியோ டிஎஸ் (VIDEO_TS) ஃபோல்டரும் அதற்குள் வாப் (VOB), ஐஎஃப்ஓ (IFO) ஃபைல்களும் இருக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் டிவிடிஸ்டைலர் மென்பொருளே அதையெல்லாம் செய்துவிடும். அதெல்லாம் சரியாக இருந்தால், ரைட் செய்தபின் டிஸ்க்கை ஃபைனலைஸ் செய்தீர்களா, அதாவது எழுதியது முடிந்தது என்று மூடினீர்களா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் எழுதும் வேகம். 16எக்ஸ் என்று அட்டையில் போட்டிருக்கிறான் என்பதற்காக 16எக்ஸில் எழுதாதீர்கள். 4 அல்லது 8.

வாஷி: 4.5 ஜிபி என்று காட்டும் ஃபோல்டர் 4.7 ஜிபி டிஸ்க்கில் ஏறமாட்டேன் என்கிறது.

டிஸ்க் கம்பெனி ஆயிரத்தால் வகுக்கிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. விண்டோஸ் கணக்கில் உங்கள் டிஸ்க் 4.37 ஜிபிதான்.

சயான்: நோ டிஸ்க் வருகிறது சார்.

தாராவிக்குச் சொன்னது.

முலுண்ட்: மெனுவில் கோலம் போட்டேன். டிவியில் கோடெல்லாம் நடுங்குகிறது. மணமகள் பெயரில் கடைசி எழுத்தையும் காணோம்.

பழைய பிக்சர் டியூப் டிவிதானே? அது படத்தின் ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் மாறிமாறிக் காட்டும். ஒரு பிக்சல் தடிமன் உள்ள படுக்கைக் கோடு ஒரு முறை தெரியும், மறுமுறை காணாமல் போகும். கோலத்தை இரண்டு மூன்று பிக்சலுக்குத் தடிமனாக்குங்கள். ஓரத்தை டிவியின் சட்டம் விழுங்கிவிடும், நாலு பக்கமும் பத்து சதவீதம் விட்டே எழுத்தை வையுங்கள்.

டோம்பிவிலி: மெனுவில் பாட்டு வரவில்லை.

சிடியிலிருந்து எடுத்த 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டாக இருக்கும். டிவிடிக்கு 48. எம்பி3-யும் டிவிடி விதியில் கிடையாது, டிவிடிக்கு ஏற்ற ஏசி3 ஒலி ஃபைலாக மாற்றுங்கள்.

மாட்டுங்கா: மெனு முழுக்க கெட்டிமேளம் ஓடணும்னு பெண்ணோட அப்பா சொல்கிறார். சுற்று முடியும் இடத்தில் வெட்டுகிறது.

வெட்டுவது இருக்கட்டும். கெட்டிமேளம் தாலி கட்டும் கணத்துக்கு உரியது. தும்மலும் அபசகுனப் பேச்சும் காதில் விழக்கூடாது என்றுதானே அப்படிக் கொட்டுகிறார்கள்? அதை 30 விநாடிக்கு ஒருதரம் சுற்றவிட்டால் மாப்பிள்ளை மணிக்கு 120 தாலி கட்டுகிறார்.

செம்பூர்: அண்ணா, அது உங்கள் அபிப்பிராயம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதுதான் பிடித்தது.

பிடிக்கட்டும். மெனுவைப் போட்டுவிட்டுப் பாட்டி காபி எடுக்கப் போவார். பத்து நிமிஷம் தவில் அடிக்கும். யார் தாங்குவது?

காட்கோபர்: நாதஸ்வரம் மட்டும் போடலாமே? தவில் வேண்டாம்.

ஆலாபனையானால் நடுவில் வெட்டுப்படும், காதுள்ளவர்களுக்குக் குத்தும்.

தாராவி: என் நோ டிஸ்க் என்ன ஆயிற்று?

வேகம் என்ன வைத்தீர்கள்?

மாட்டுங்கா: அப்போ எதைத்தான் போடுவது?

தம்புரா. வெறும் சுருதி. கடைசி இரண்டு விநாடியில் அடங்கி, மறுபடி மெல்ல எழும்பினால் மூச்சு விடுவது போலத்தான் இருக்கும், வெட்டு தெரியாது. கெட்டிமேளத்தை 'மாங்கல்யதாரணம்' பட்டனை அழுத்தியதும் வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் அப்பாவிடம் முதலில் அந்தப் பட்டனை அழுத்திக் காட்டுங்கள், மெனுவை அப்புறம் காட்டலாம்.

பாண்டுப்: அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு அனுப்பினேன். ஓடவில்லை. நாட்டுக்கு நாடு போடும் பூட்டு, அந்த ரீஜன் கோடா?

வீட்டில் செய்த டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு கிடையாது. நீங்கள் செய்தது பால் (PAL) என்ற நம் ஊர் டிவி முறை, 720க்கு 576 பிக்சல். அங்கே என்டிஎஸ்சி (NTSC), 720க்கு 480. அங்குள்ள பல பிளேயர்களுக்கு நம் முறை புரியாது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வடாலா: படம் கடைசி அரைமணி நேரம் திக்குகிறது.

டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. முழுக்க நிரப்பினால் கடைசிப் பகுதி விளிம்பில் விழும். ரைட்டர் வேகம் உச்சத்துக்குப் போவதும் பிழை அதிகம் வருவதும் அங்கேதான். மேலே காகித ஸ்டிக்கர் ஒட்டினீர்களா? அது ஓரம் தூக்கினால் டிஸ்க் தள்ளாடும். ஸ்டிக்கர் இல்லாமல், 4எக்ஸில்.

தாராவி: 16எக்ஸ்.

அதான்.